சீனியம்மா பேரம் பேசின மேஜை

ஒரு ஊர்ல ஒரு சீனியம்மா இருந்தா. பேருதான் சீனி. தொழில் மிளகா வத்தல் மண்டி, வாயும் அதே சரக்கு. ம் கொட்டு.

ம்.

இதெல்லாம் ஒரு ம்மா? கொசு கூட இதைவிடச் சத்தமா கொட்டும். ஒரு ம் போட்டா ஒரு தேக்கரண்டி கதை. ம் குறைஞ்சா கதையும் குறையும், சொல்லிட்டேன்.

ம்ம்ம்!

ஆங், அப்படி வா வழிக்கு. அப்புறம், அந்தச் சீனியம்மா சின்ன வயசுல யாரோ ஒருத்தர் மூட்டை அடுக்குற கிட்டங்கியில வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்தவ. பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கல. அவளை ஏமாத்தினவன் எல்லாம்தான் அவளுக்கு வாத்தியாரு. ஏமாந்து ஏமாந்து படிச்சு, பேரம் பேசிப் பேசி மேல வந்து, சொந்தமா மண்டி போட்டுட்டா. ஆனா ஒரு வியாதி மட்டும் ஒட்டிக்கிச்சு. யாரு வாயில இருந்து எந்த எண்ணு வந்தாலும் அதைக் குறைச்சாத்தான் அவளுக்குச் சோறு உள்ள இறங்கும்.

டாக்டர் ஒரு நாள், "காய்ச்சல் நூத்திரெண்டு இருக்கும்மா"ன்னாரு. "நூறு போட்டுக்கோங்க டாக்டர், தெரிஞ்ச ஆளுதானே"ன்னா. ஜோசியர், "உனக்கு ஏழரைச் சனி"ன்னாரு. "ஏழரை எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, அஞ்சுல முடிச்சு விடுங்க"ன்னா. அந்த மனுசன் பஞ்சாங்கத்தை மூடி வெச்சிட்டு உள்ள போயிட்டாரு.

சந்தையில அவ பேரம் எப்படித் தெரியுமா? தோள்ல ஒரு துண்டு கிடக்கும். அதை எடுத்து எதிராளி கை மேல போட்டு, துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு நறுக்குனு ஒரு அமுக்கு. எத்தனை விரலோ அத்தனை. அமுக்கியாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது. அப்புறம் வானம் இடிஞ்சு விழுந்தாலும் மாத்தக் கூடாது. அது சந்தைச் சத்தியம். அதை மட்டும் சீனியம்மா ஒரு நாளும் மீறினதில்ல.

ம்.

அவளுக்கு ஒரே மக, செண்பகம். அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. ஒரு நாள் சீனியம்மா பலகாரத்தைத் தூக்கிக்கிட்டு மகளைப் பார்க்கப் போனா. அங்க நடுக்கூடத்துல ஒரு சாப்பாட்டு மேஜை. மேஜையைச் சுத்தி நாலு நாற்காலி. மாமனாரு, மாமியா நவநீதம், மாப்பிள்ளை, மாப்பிள்ளையோட தங்கச்சி. நாலு நாற்காலிக்கு நாலு பேரு, கச்சிதமா உக்காந்திருக்காங்க. நம்ம செண்பகம்? அடுப்படிக்கும் மேஜைக்கும் சர்ரு சர்ருன்னு பறந்துக்கிட்டு இருக்கா. "செம்பகம், சட்னி!" சர்ரு. "செம்பகம், இன்னும் ஒரு தோசை, முறுகலா!" சர்ரு. எல்லாரும் ஏப்பம் விட்டு எந்திரிச்ச பிறகு, அவ அடுப்படியில பாத்திரம் கழுவுற தொட்டி ஓரமா நின்னுக்கிட்டு, ஆறிப்போன பிஞ்ச தோசையை வாயில போட்டுக்கிறா.

"ஏண்டி நின்னுக்கிட்டுத் திங்கிற?"ன்னு சீனியம்மா கேட்டா.

"நாற்காலி நாலுதானம்மா இருக்கு."

"சூடா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"போம்மா, நீ வேற"ன்னு செண்பகம் சிரிச்சா.

அந்தச் சிரிப்புதான் சீனியம்மாவைச் சுட்டுச்சு. அழுதிருந்தாக்கூடப் பொறுத்திருப்பா. ஆனா பொண்ணு குடுத்த வீடு. அங்க நாம ஒரு சொல்லு கூடப் பேசினா, அது பொண்ணு தலையில வந்து விடியும். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு பஸ் ஏறினா. முழுங்கினது வழி முழுக்க எரிஞ்சுக்கிட்டே வந்துச்சு.

வீட்டுக்கு வந்தவ செருப்பைக்கூடக் கழட்டாம புருஷன்கிட்ட சொன்னா. புருஷன் பேரு வெயிலுமுத்து. பேருதான் வெயிலு, ஆளு நல்ல நிழலு.

"இந்தாங்க, தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டுல நாலு பேரையும் அழைக்கிறேன். நம்ம வீட்டுல ஒரு மேஜை போடுறேன். அஞ்சு பேரு உக்காருற மேஜை. அஞ்சாவது நாற்காலியில எம் மக உக்காருறா. வடை சட்டியில இருந்து இறங்கி நேரா அவ இலையில விழுது. அதை அந்த நவநீதம் ரெண்டு கண்ணாலயும் பார்க்கணும். ஒரு தடவை உக்கார்ந்து பழகிட்டாள்னா அப்புறம் எவளாலயும் எழுப்ப முடியாது."

"நல்ல யோசனைதான் சீனி"ன்னாரு அவரு.

கடைக்குப் போனாங்க. கடைக்காரன், "நாலு பேரு மேஜை இருக்கு, ஆறு பேரு மேஜை இருக்கு. அஞ்சு பேருக்கு மேஜையே உலகத்துல கிடையாதும்மா"ன்னான்.

"ஆறு வாங்கிக்கலாமே"ன்னாரு வெயிலுமுத்து.

"வாங்கினா ஆறாவது நாற்காலிக்கு அந்த நவநீதம் தன் அக்காக்காரியைக் கூட்டிட்டு வந்துருவா! அஞ்சுன்னா அஞ்சு. சொல்லிச் செய்வோம், வாங்க."

அப்புறம் நேரா கொம்பையா ஆசாரி பட்டறைக்குப் போனாங்க. இழைப்புளி சர்ரக் சர்ரக்னு ஓடுது, சீவல் சுருள் சுருளா பறக்குது. கொம்பையா ஆசாரிக்கும் ஒரு குணம் உண்டு. எதையும் ரெண்டு தடவை சொல்லுவாரு. மூணாவது தடவை சொல்லவே மாட்டாரு. கேக்காட்டி போ, உன் இஷ்டம்னு விட்டுருவாரு. தூங்கிட்டியா?

இல்ல. ம்.

அப்போ சீனியம்மா சொன்னா, "ஆசாரி, சாப்பாட்டு மேஜை வேணும். தேக்கு. அஞ்சு பேரு தலைவாழை இலை விரிச்சு, முழங்கை இடிக்காம சாப்பிடணும்."

ஆசாரி பென்சிலைக் காதுல இருந்து எடுத்து யோசிச்சாரு. "அப்படின்னா நீளம் ஆறடி வேணும் தாயி."

எண்ணு காதுல விழுந்துச்சா, சீனியம்மாவுக்கு முடி சிலிர்த்துக்கிச்சு. "ஆறா! ஆளைப் பார்த்துச் சொல்றியா? மூணு!"

"தாயி, இது அளவு."

"எல்லாம் அளவுதான். மூணு!"

"ஆறடி இல்லாட்டி அஞ்சு இலை விழாது தாயி."

"மூணரை! அதுக்கு மேல ஒரு நூல் ஏறமாட்டேன்!"

ஆசாரி ரெண்டு தடவை சொல்லியாச்சு. வாயை மூடிக்கிட்டாரு. எதிராளி வாயை மூடினா சந்தையில என்ன அர்த்தம்? படியுதுன்னு அர்த்தம். சீனியம்மா துண்டை உதறி அவரு கை மேல போட்டா. "சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நாலு!" நாலு விரலைச் சேர்த்து நறுக்.

"சரி தாயி. உங்க மேஜை, உங்க அளவு."

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவளுக்கு ஒரே கும்மாளம். "பார்த்தீங்களா, சுளையா ரெண்டடி குறைச்சிட்டேன்!"

வெயிலுமுத்து மெதுவாக் கேட்டாரு. "எதுல குறைச்ச சீனி?"

"மேஜையில."

"அப்போ... மேஜை குட்டையாயிடுமே?"

சீனியம்மா நடுரோட்டுல அப்படியே நின்னுட்டா. பின்னால வந்த சைக்கிள்காரன் கிணிங் கிணிங்னு மணி அடிச்சுப் பார்த்துட்டு, சுத்திக்கிட்டுப் போனான். விலையைப் பத்தி அவ வாயே திறக்கலைங்கிறதும் அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

(ஏய், சிரிக்காதே. சிரிச்சா தூக்கம் ஓடிப்போயிடும்.)

மறுநாள் பட்டறைக்குப் போனா. அளவை மாத்தலாம்னு பார்த்தா, துண்டுக்குள்ள அமுக்கின சத்தியம் குறுக்க நிக்குது. பட்டறையைச் சுத்திச் சுத்தி வந்தா. உள்ள நறநறநறன்னு ரம்பச் சத்தம். பலகையை அறுத்தே முடிச்சுட்டாரு ஆசாரி. அறுத்த பலகை வளருமா? வளராது. "சரி, நெருக்கி உக்கார வெச்சுக்குவோம்"னு மனசைத் தேத்திக்கிட்டா. இந்தத் தடவை பேச்சு முத்தினா கையைக் கிள்ளணும்னு புருஷனையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருந்தா.

ஆசாரி நிமிர்ந்து பார்த்தாரு. "வாங்க தாயி. இனிமே காலு கடையணும். நாலு காலு..."

"மூணு!"

வெயிலுமுத்து நறுக்குனு கிள்ளினாரு. கிள்ளினதுல அவளுக்குக் கோவம் வந்து இன்னும் பலமா, "மூணு!"

"மேஜைக்கா தாயி?"ன்னாரு ஆசாரி. "நாலு காலு இல்லாட்டி மேஜை சாயும்."

"முக்காலி நிக்கலை? ஆட்டோ ஓடலை? ஊரே மூணு காலுல ஓடிக்கிட்டு இருக்கு, உன் மேஜைக்கு மட்டும் நாலா?"

"சாயும் தாயி."

ரெண்டு தடவை ஆச்சு. ஆசாரி வாயை மூடிக்கிட்டாரு. துண்டு விழுந்துச்சு. மூணு விரலு, நறுக். வெயிலுமுத்து ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டு அங்கயே சீவல் குவியல் மேல உக்காந்துட்டாரு.

அப்புறம் மூணாவது தடவையா பட்டறைக்குப் போனாங்க. இனிமே வாயைத் திறந்தா வம்புன்னு சீனியம்மா கடையில இருந்து பெருசா ஒரு கமர்கட்டு வாங்கி வாய்க்குள்ள போட்டுக்கிட்டா. பல்லும் பல்லும் ஒட்டிக்கிச்சு. பேசணும்னாலும் முடியாது. வெயிலுமுத்துதான் பேசினாரு. "ஆசாரி, எப்போ கிடைக்கும்?"

"வார்னிஷ் அடிச்சு அஞ்சு நாளு காயணும். தீபாவளிக்கு முதநாள் வண்டியில ஏத்தி விடுறேன்."

"ரொம்ப சரி"ன்னு வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தா, சீனியம்மா கை தானா மேல எந்திரிச்சிருக்கு. ரெண்டு விரலு!

"ம்ம்! ம்ம்ம்!"ங்கிறா. வாயில கமர்கட்டு.

"ஐப்பசி மழை தாயி. ரெண்டு நாளுல காயாது."

"ம்ம்ம்!" துண்டு விழுந்துச்சு. நறுக்.

"சரி. அப்போ வேற வேலையை முடிச்சிட்டு, வண்டி ஏத்துறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால அடிக்கிறேன்"னு ஆசாரி உள்ள போயிட்டாரு.

ம்.

தீபாவளிக்கு முதநாள் மேஜை வந்துச்சு. பார்க்க அழகுன்னா அழகு, தேன் நிறம். ஆனா கையை வெச்சா ஒட்டுது. நீளம் நாலடி. இந்தப் பக்கம் ரெண்டு இலை, அந்தப் பக்கம் ரெண்டு இலை. அஞ்சாவது இலைக்கு ஒரு சாண் இடம் இல்ல. இறக்கி வெச்ச உடனே டொடக்! காலில்லாத மூலை கீழ போயிடுச்சு. வெயிலுமுத்து கொல்லையில இருந்து ஒரு சவுக்குக் கட்டையைக் கொண்டு வந்து அந்த மூலைக்கு முட்டுக் குடுத்து நிக்க வெச்சாரு. சீனியம்மா மூலையில போய் உக்காந்துட்டா.

"எம் மவளுக்கு நானே இடம் இல்லாம பண்ணிட்டேனே"ன்னா.

வெயிலுமுத்து சட்டியை எடுத்து உளுந்து ஊறப் போட்டாரு.

விடிஞ்சுது. பட்டாசு, டம டம டமார்! எண்ணெய்க் குளியல் ஆச்சு, புதுத்துணி ஆச்சு. நவநீதம் பட்டுச் சேலை சரசரக்க வந்து மேஜையைச் சுத்திப் பார்த்தா. வீட்டுல இருந்த அஞ்சு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருக்கு. அஞ்சாவது, முட்டுக் குடுத்த மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது. மாமனாரு உக்காந்தாரு, நவநீதம் உக்காந்தா, மாப்பிள்ளை உக்காந்தாரு, தங்கச்சி உக்காந்தா. நாலு இலை விழுந்துச்சு. மேஜை தீர்ந்துச்சு.

செண்பகம் அந்த அஞ்சாவது நாற்காலியைப் பார்த்தா. ஒரு நிமிஷம் ஆசையாப் பார்த்தாள்னுதான் சொல்லணும்.

அப்போ நவநீதம் சொன்னா, "நல்லதாப் போச்சு, எங்க வீட்டு மாதிரியே நாலு பேரு மேஜையாத்தான் செஞ்சிருக்கீங்க சம்பந்தி. செம்பகம், அந்த நாற்காலியை ஓரமாப் போட்டுட்டு வடையை எடுத்துட்டு வா."

"சரிங்கத்தை"ன்னு செண்பகம் நாற்காலியில கை வெச்சா.

சீனியம்மாவுக்கு உச்சந்தலை கொதிச்சுது. பேசினா பொண்ணு தலையில விடியும். பேசாட்டி பொண்ணு காலம் பூரா நின்னுக்கிட்டே திம்பா. அவ வாய் பேசல. காலு பேசிச்சு. சாம்பார் வாளியோட மேஜையைச் சுத்தி வர்ற மாதிரி வந்து, சவுக்குக் கட்டைக்கு விட்டா பாரு ஒரு உதை!

டக்! கடகடகடகட... கட்டை கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. டொடக்! மேஜை சாஞ்சுது. நாலு இலையும் சர்ர்ர்னு நழுவுது, பாயசக் கிண்ணம் நவநீதம் பட்டுச் சேலையைப் பார்த்து ஓடி வருது.

"ஐயோ! என் சேலை!"

செண்பகம் சட்டுனு அந்த நாற்காலியில உக்காந்து, மூலைக்கு அடியில முழங்காலைக் குடுத்துத் தாங்கிட்டா. மேஜை நின்னுச்சு. பாயசம் விளிம்புல வந்து தளும்பிக்கிட்டு நின்னுச்சு.

"செம்பகம்! எந்திரிச்சிடாதே தாயி! அப்படியே இரு!"ன்னு நவநீதம் கத்தினா.

"வடை எடுத்துட்டு வரணுமே அத்தை"ன்னா செண்பகம்.

"வடை கிடக்கட்டும்! நீ உக்காரு!"

வெயிலுமுத்து பாவம், நல்ல மனசு. "கட்டையை எடுத்துட்டு வர்றேன்"னு கட்டிலுக்கு அடியில குனிஞ்சாரு. சீனியம்மா ஒரு பார்வை பார்த்தா. அப்படியே நிமிர்ந்துட்டாரு. "காணோமே"ன்னாரு.

நவநீதம் விடுவாளா? "நான் தேடுறேன்"னு எந்திரிக்கப் பார்த்தா. எங்க எந்திரிக்கிறது? முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் வார்னிஷ்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. சப்ப்ப்... ஒரு இழு. வளையல் மேஜையோட போச்சு, கையும் வரல. திரும்ப உக்காந்துட்டா.

"மெதுவா, மெதுவா, மேஜை ஆடுது. சாப்பிட்டு முடிச்சதும் நல்லெண்ணெய் தடவி எடுத்து விடுறேன் சம்பந்தி"ன்னா சீனியம்மா, சீனி மாதிரி.

அப்போ மாப்பிள்ளை என்ன பண்ணினாரு தெரியுமா? இதுவரைக்கும் வாயே திறக்காத மனுசன். தன்னோட இலையை நடுவுல சர்ருனு ரெண்டாக் கிழிச்சு, பாதியைச் செண்பகம் பக்கம் தள்ளி வெச்சாரு. "முழங்கால் வலிக்கும், சீக்கிரம் சாப்பிடு"ன்னாரு. அவரு அப்பா முகத்தையும் பார்க்கல, அம்மா முகத்தையும் பார்க்கல. வடையைத்தான் பார்த்தாரு.

சட்டியில இருந்து சொய்ய்ய்னு எடுத்த வடை நேரா அந்தப் பாதி இலையில விழுந்துச்சு. செண்பகம் ஊதினா, கடிச்சா. மொறுக்! "ஸ்ஸ், சுடுதும்மா"ன்னா. அதைச் சொல்லும்போது அவ சிரிச்ச சிரிப்பு வேற.

"ரெண்டு போதும்மா"ன்னா.

"அஞ்சு!"ன்னா சீனியம்மா.

"மூணு வெய்யி."

"அஞ்சரை! அதுக்குக் கீழ ஒரு நூல் இறங்கமாட்டேன்!" வெயிலுமுத்து கரண்டியைக் கீழ போட்டுட்டு அவளையே பார்த்தாரு. பொண்டாட்டி ஏத்திப் பேசி அவரு அன்னைக்குத்தான் கேக்குறாரு.

ம்... அப்புறம்?

அப்புறம், சாயங்காலம் எல்லாரும் கிளம்பினாங்க. நவநீதம் கையை எண்ணெய் போட்டு எடுத்தாச்சு. மேஜையில அவ முழங்கைத் தடம் அச்சு அசலா விழுந்திருக்கு. சீனியம்மா மேஜைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் குங்குமம் வெச்சு, அந்த அஞ்சாவது நாற்காலியோட சேர்த்து வண்டியில ஏத்தச் சொன்னா.

"இது எதுக்கு சம்பந்தி?"ன்னு நவநீதம் அலறினா.

"தலை தீபாவளிச் சீரு. சீரை வேணாம்னா ஊரு சிரிக்கும்."

"அப்படின்னா ஆசாரிகிட்ட சொல்லி நாலாவது காலு..."

"ஐயோ, அது துண்டுக்குள்ள பேசி முடிச்ச பேச்சு. மூணுன்னா மூணு. நான் வாக்கு மாறமாட்டேன்!"

மேஜை அவங்க வீட்டுக்குப் போச்சு. சீருல வந்த மேஜையை மூலையில போட்டா பேச்சு வரும்னு, பழைய மேஜையை எடுத்துட்டு அதையே நடுக்கூடத்துல போட்டாங்க.

அங்க கட்டை முட்டுக் குடுத்திருப்பாங்கல்ல?

அட, தூக்கத்துலயும் புத்தியைப் பாரு! குடுத்தாங்களே. நவநீதம் தினமும் நல்ல கட்டையா பார்த்து வெப்பா. செண்பகம் எல்லாருக்கும் இலை போடுவா. போட்டு முடிச்சதும் மேஜைக்கு அடியில டக்! கடகடகட. "செம்பகம், ஓடி வா! மேஜை சாயுது! உக்காரு, உக்காரு!" அந்தக் கட்டை தினம் எப்படித்தான் விழுதுன்னு நவநீதத்துக்குக் கடைசி வரைக்கும் புரியல. மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி, இலையைப் பாதியாக் கிழிச்சுக்கிட்டு இருப்பாரு.

மேஜை நின்னுச்சு, செண்பகம் உக்காந்தா, கதை படுத்துடுச்சு. நீயும் படு. இன்னும் ஒரு கதையா? பாதியும் கிடையாது, காலும் கிடையாது. கண்ணை மூடு.